ஏர் பிடித்தவனும் ஏடு பிடித்தவனும்

தேர்வு நடக்கிறது. தேர்வுக்கு வந்திருப்போர் சிறுவர் அல்லர். அங்கி தரித்தவர்கள், ஆலயம் காப்பவர்கள், ஆண்டவனின் அருளை அள்ளித் தர வந்தோம் என்று ஊராரிடம் காணிக்கை பெற்று வாழ்பவர்கள். கேள்விகள் கடினமானவையா? அல்லவே அல்ல! கட்டளைகள் எத்தனை? அவை வேதத்தில் எந்த இடத்தில் உள்ளன? அவற்றைப் பார்க்காமல் ஒப்புவிக்க முடியுமா? பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தெரியுமா? அதை அருளியவர் யார்?

ஆண்டு 1551. இடம், இங்கிலாந்து நாட்டின் கிளாஸ்டர். கேள்வி கேட்டவர் புதிதாகப் பதவியேற்ற பேராயர் ஜான் ஹூப்பர். பதில் சொல்ல வந்த பாதிரிமார் 311 பேர். விளைவு என்ன தெரியுமா, தோழர்களே? பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்க இயலாதவர் பாதிக்கும் மேற்பட்டோர்! பரமண்டல ஜெபத்தையே சொல்லத் தெரியாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். அந்த ஜெபத்தைக் கற்பித்தவர் ஏசு என்பதைக்கூடச் சொல்லத் தெரியாமல் விழித்தவர் இருபதுக்கும் மேற்பட்டோர். நாள்தோறும் ஓதிய வாய். ஆனால் ஓதியது யாருடைய சொல் என்று அறியாத உள்ளம்!

நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். ஆனால், வகுப்பறையில் நின்று வரலாறு கற்பிக்கும் நமக்கு நகைப்பு மட்டும் போதாது. 'ஏன்?' என்று கேட்க வேண்டும். குருவுக்கே தெரியவில்லை என்றால் குடிமக்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? அவர்கள் அறிய விரும்பவில்லையா, அல்லது அறியவிடாமல் தடுக்கப்பட்டனரா? விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அதே கிளாஸ்டர் மாவட்டத்திலேயே கிடைக்கிறது.

இந்தத் தேர்வுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராக இருந்தார் ஓர் இளைஞர். பெயர் வில்லியம் டிண்டேல். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். அந்த வீட்டு விருந்துக்குப் பாதிரிமார் வருவார்கள், வாதம் நடக்கும். போப்பாண்டவரின் சட்டம் இருந்தால் போதும், கடவுளின் சட்டம் இல்லாவிடினும் கவலையில்லை என்று ஒரு நாள் ஒருவர் உரைத்தாராம். டிண்டேல் கொதித்தார். தமக்கு ஆயுள் இருந்தால், ஏர் ஓட்டும் சிறுவன் உம்மைவிட வேதம் அறிந்தவனாகும்படி செய்வேன் என்று சூளுரைத்தார்.

எளிய சூளுரையா அது? அந்நாளில் வேதம் இலத்தீன் மொழிக்குள் பூட்டிக் கிடந்தது. பேராயரின் ஒப்புதலின்றி அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பது குற்றம் என்று 1409 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துத் திருச்சபை ஆணையிட்டிருந்தது. அதற்கு முன் ஆங்கில பைபிளுக்கு வழிகோலிய ஜான் விக்ளிஃப் 1384 இல் இறந்தார். இறந்தவரையேனும் விட்டார்களா? 1428 இல் அவரது புதைகுழியைத் தோண்டி, எலும்புகளை எடுத்து எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தனர்! செத்தவனின் எலும்புக்கும் அஞ்சினர், ஏடு மக்களின் மொழியில் பேசிவிடுமோ என்று!

டிண்டேல் இலண்டன் பேராயரிடம் ஆதரவு கேட்டார், கிடைக்கவில்லை. கடல் கடந்தார். செருமானிய நகரான வோர்ம்ஸில் 1526 இல் அவருடைய ஆங்கிலப் புதிய ஏற்பாடு அச்சேறியது. துணி மூட்டைகளுக்குள் ஒளிந்து கடத்தல் சரக்காக இங்கிலாந்துக்குள் நுழைந்தது. யாருடைய வேதம்? கிறித்தவருடைய வேதம். யாருடைய நாட்டுக்குள்? கிறித்தவ நாட்டுக்குள்! பேராயர் அதைத் தேடிப் பிடித்துத் தீயிலிட்டார். ஏட்டை எரித்தவர்கள் எழுதியவரை விடுவார்களா? 1535 இல் ஆண்ட்வெர்ப்பில் காட்டிக் கொடுக்கப்பட்டார் டிண்டேல். 1536 இல் பிரசெல்ஸ் அருகே வில்வோர்டேயில் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலைக் கொளுத்தினர்.

காலம் விந்தையானது. மூன்றே ஆண்டுகளில், எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி, ஒவ்வோர் ஆலயத்திலும் வைக்கப்படுவதற்காக ஆங்கில பைபிள் ஒன்று அச்சாகி வந்தது. அதன் பெரும்பகுதி டிண்டேலின் சொற்களே. அவர் பெயர் மட்டும் இல்லை! மக்கள் கூடினர், எழுத்தறிந்தவன் படித்தான், அறியாதவன் கேட்டான். கேட்டவன் கேள்வியும் கேட்கலானான்.

விடுமா ஆதிக்கம்? 1543 இல் ஒரு சட்டம் பிறந்தது. அதன் பெயரைக் கேளுங்கள்: உண்மைச் சமயத்தை வளர்ப்பதற்கான சட்டம்! வளர்த்த வகை என்ன? கைவினைஞர் பைபிள் படிக்கக் கூடாது. தொழில் பழகுவோர் படிக்கக் கூடாது. ஏவலர் படிக்கக் கூடாது. உழவர் படிக்கக் கூடாது. கூலியாள் படிக்கக் கூடாது. பெண்கள் படிக்கக் கூடாது. உயர்குடிப் பெண்டிர் மட்டும் தனிமையில் தமக்குள் படித்துக்கொள்ளலாமாம்! 'கடவுள் முன் அனைவரும் சமம்' என்று ஆலயத்தில் முழக்கம். 'ஏடு முன் எவரும் சமமல்லர்' என்று சட்டமன்றத்தில் தீர்மானம்!

அந்தச் சட்டம் ஓர் எளிய உள்ளத்தை எப்படிச் சுட்டது என்பதற்குச் சான்று இருக்கிறது. 1546 இல், கிளாஸ்டர் மாவட்டத்துக் குன்று ஒன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான் இராபர்ட் வில்லியம்ஸ் என்பவன். கையில் வேறொரு நூல். அதன் வெற்றுத் தாளில் அவன் எழுதி வைத்தான்: ஆட்டிடையர் வேதம் படிக்கலாகாது என்று தடுத்துவிட்டதால் இந்த நூலை வாங்கினேன், இந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்த வேண்டும் என்று. தோழர்களே, அந்தச் சில வரிகளை எண்ணிப் பாருங்கள். படிக்கத் துடித்த இடையனுக்குத் தடை. ஐந்தாண்டுகள் கழித்து, அதே மாவட்டத்தில், படிக்கக் கடமைப்பட்ட பாதிரிமாருக்குக் கட்டளைகள் பத்தும் தெரியவில்லை! ஏர் பிடித்தவன் ஏடு கேட்டான். ஏடு பிடித்தவனோ அதைத் திறக்கவே இல்லை.

ஹென்றி மறைந்த பின் 1547 இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் கொடுமை தீர்ந்ததா? அறியாமையை அம்பலப்படுத்திய ஹூப்பரையே, மேரி அரசியின் ஆட்சியில், 1555 இல் அதே கிளாஸ்டர் நகரில் உயிரோடு எரித்தனர்.

மறைப்பதற்கு எரிப்பது ஒன்றே வழி அன்று. வெட்டி எடுப்பதும் வழிதான். 1807 இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சிட்டனர். எகிப்தில் அடிமைப்பட்ட மக்கள் விடுதலை பெற்று வெளியேறிய கதை அதில் இல்லை! அடிமையென்றும் சுதந்திரன் என்றும் இல்லை, எல்லாரும் ஒன்றே என்னும் பொருள்பட வரும் கலாத்தியர் நிருபப் பகுதியும் இல்லை. வேலைக்காரர் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் பகுதி மட்டும் பத்திரமாக இருந்தது. எதை அறிந்தால் அடிமை நிமிர்வானோ, அதை வெட்டியெறிந்துவிட்டு, எஞ்சியதை வேதம் என்று நீட்டினர்.

பூட்டு இன்று உடைந்துவிட்டது. 1714-15 இல் நம் தரங்கம்பாடியிலேயே, சீகன்பால்குவின் உழைப்பால், புதிய ஏற்பாட்டின் பகுதிகள் தமிழில் அச்சேறின. இன்று வேண்டுவோர் பல மொழிகளிலும் படிக்கலாம். படிக்கின்றனரா? ஏதேனில் ஏவாள் உண்டது ஆப்பிள் என்பார்; ஆதியாகமம் கனி என்கிறதே தவிர, என்ன கனி என்று கூறவில்லை. குழந்தை ஏசுவைக் காண வந்தோர் மூவர் என்பார். மத்தேயு எண்ணிக்கை சொல்லவே இல்லை.

2010 இல் பியூ ஆய்வு நிறுவனம் அமெரிக்க மக்களிடம் மத அறிவைச் சோதித்தது. நான்கு சுவிசேஷங்களின் பெயரையும் சொல்லத் தெரிந்தவர் 45 விழுக்காட்டினரே. புராட்டஸ்டண்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மார்ட்டின் லூதர் யார் என்று தெரியவில்லை. எல்லா மதங்களையும் சேர்த்துக் கேட்ட கேள்விகளில் நாத்திகரும் ஐயவாதிகளும் முன்னணியில் நின்றனர்.

கைதட்ட வேண்டா, தோழர்களே! முழு உண்மையையும் சொல்வோம். பைபிளும் கிறித்தவமும் பற்றிய 12 கேள்விகளில் மார்மன் நெறியினர் சராசரி 7.9, வெள்ளையரான சுவிசேஷ நெறியினர் 7.3, நாத்திகரும் ஐயவாதிகளும் 6.7 தான். தம் ஏட்டை ஊன்றிப் படிக்கும் பழக்கமுடையோர் நம்மவரை வென்றனர். பகுத்தறிவாளன் தனக்கு இனிக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பானாகில், 1807 இல் வேதத்தை வெட்டியவனுக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு?

எனவே, பிறர் வேதத்தைப் படிக்கவில்லை என்று பழிக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நாம் மறுக்கும் நூலை முழுதும் படித்தோமா? நாம் போற்றும் நூலையாவது படித்தோமா? மேடையில் கேட்ட மேற்கோளோடு நின்றுவிட்டோமா? ஹூப்பர் நாளை நம் படிப்பகத்துக்கு வந்து கேள்வி கேட்டால், நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

குன்றின்மேல் ஆடு மேய்த்தவன் ஏங்கிய உரிமை இன்று நம் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்போமாயின், நம்மைத் தடுக்கச் சட்டம் எதற்கு? சோம்பலே போதும்!