பல்லிக்கு ஒரு கணப்புப் பெட்டி

தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஏதோ குறைகிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. டிசம்பர் பாதியில்தான் புரிந்தது, சுவரில் பல்லி இல்லை! டியூப்லைட் பக்கத்தில் ரெண்டு, பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒன்று என்று பார்த்தே வளர்ந்தவன் நான். இங்கே குளிர் வந்தால் அவை ஏதாவது இடுக்கில் முடங்கிவிடும். பிப்ரவரி கடைசியில்தான் தரிசனம்.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம் சகலையின் ஃபோன். கனடாவில் கால்கரியிலிருந்து வான்கூவருக்கு வீடு மாற்றம். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ராக்கி மலை வழியாகக் காரில், அதுவும் ஜனவரியில். பிரச்சினை சாமான் இல்லை, ஒன்பது வயசு மகள் வளர்க்கும் பல்லி. "புள்ளி வரலேன்னா நானும் வரல" என்று உட்கார்ந்துவிட்டாளாம். வெளியே மைனஸ் இருபது. "சகலை, நீங்கதான் எதையாவது படிச்சிக்கிட்டே இருப்பீங்களே, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். தங்கமணியோ, "பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன்தான் இருக்கு, பல்லி கார்ல போற பலன் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் ராத்திரி ஒரு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆச்சரியம், அந்தப் பல்லியே நம் பக்கத்துக்காரர். லெப்பர்ட் கெக்கோ என்கிற சிறுத்தைப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலத்தில் வாழ்வது. கல்கத்தாவில் ஏசியாடிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத் 1854-ல் அதை முதலில் விவரித்துப் பெயரிட்டார். அதற்கு இமை உண்டு, கண்ணை மூடும். ஆனால் விரலில் ஒட்டும் பட்டை இல்லை, அதனால் சுவர் ஏறாது. கொழுப்பை வாலில் சேமித்துக்கொண்டு குளிர்காலத்தில் பொந்தில் கிடக்கும். ஆக, குளிரே அதற்குத் தெரியாது என்பதில்லை. வயிற்றில் இரை இருக்கும்போது திடீரென்று குளிர்ந்தால்தான் ஆபத்து. செரிக்க உடம்பில் சூடு வேண்டும், அந்தச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். செரிக்காத இரை உள்ளேயே அழுகும்.

இந்த விஷயத்தில் மனிதர்கள் பாடம் படிக்க நிறைய நாள் ஆயிற்று. உலகின் முதல் ஊர்வன இல்லம் லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849-ல் திறந்தது. ஆனால் கூடத்தைச் சூடாக்கினால் போதாது, கூண்டுக்குள்ளேயே ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிர்ச்சியும் வேண்டும், எங்கே படுப்பது என்று பிராணி தானே தீர்மானிக்கட்டும் என்ற எண்ணத்தைக் கட்டடமாக்கிக் காட்டியவர் ஜோன் புராக்டர். 1897-ல் பிறந்தவர், சின்ன வயசிலிருந்தே வயிற்று நோயாளி. பள்ளிக்கூடத்துக்கு முதலைக் குட்டியைக் கொண்டுபோன பெண் :-) 1923-ல் அங்கே ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளரானார். 1927-ல் திறந்த புதிய இல்லத்தில் அந்தந்த இடத்துக்கு வேண்டிய அளவு மின்சாரச் சூடு, பார்ப்பவர்கள் நிற்கும் பக்கம் இருட்டு, கூண்டுக்குள் வெளிச்சம். அந்த வருஷம் வந்த கொமோடோ உடும்புகளில் ஒன்று அவர் பின்னாலேயே நடந்து வருமாம். 1931-ல், 34 வயசில் போய்விட்டார். இன்றைக்கு வீட்டில் பல்லி வளர்ப்பவர் தொட்டியின் ஒரு மூலைக்கடியில் மட்டும் சூட்டுப் பாய் வைக்கிறாரே, அது அந்த அம்மாவின் யோசனையின் பேரப்பிள்ளை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, அது சுவரில் ப்ளக் இருக்கும் இடத்தில். மலைப்பாதையில்?

கையோடு சூட்டைக் கொண்டுபோகும் வித்தை காஷ்மீரிகளுக்குத் தெரியும். இங்கே சால்வை விற்க வருபவர்கள் காங்கிரி பற்றிச் சொல்வார்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கனல், மேலே ஃபெரன் அங்கி. ஜப்பானியர்கள் சுட்ட கல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள், பிறகு சின்ன டப்பாவுக்குள் கனியும் கரி. 1923-ல் மதோபா நிஇச்சி என்பவர் ஹக்கின் கைரோவை விற்க ஆரம்பித்தார். பென்சின் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டுத் தீயில்லாமல் மெல்ல எரியும். 1978-ல் வந்தது ஹொக்கரோன் என்ற பொட்டலம். இரும்புத் தூள், உப்பு, கரி, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். உறையைப் பிரித்தால் காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடிக்கையில் சூடு வரும். நம் வீட்டு ஜன்னல் கம்பியிலும் இதேதான் நடக்கிறது, மெதுவாக நடப்பதால் கை சுடுவதில்லை.

இதே பொட்டலத்தை இன்னும் நிதானமாக, நாற்பது மணி, எழுபத்திரண்டு மணி நேரம் தாங்குகிற மாதிரி செய்து, உயிருள்ள பிராணிகளை அனுப்புபவர்கள் பயன்படுத்துகிறார்கள். சூடு வெளியே ஓடாமலிருக்கத் தெர்மாகோல் பெட்டி. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி 1950-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சரக்கு, நமக்குக் கல்யாண மேடைக்கும் கொலுவுக்கும் ஆனது (2017-ல் வைகை அணையில் மிதந்ததும் இதே!). ஒரு சிக்கல் உண்டு. பொட்டலத்துக்கும் ஆக்சிஜன் வேண்டும், பல்லிக்கும் வேண்டும். இறுக்கி மூடினால் முதலில் சூடு அணையும், பிறகு பல்லி. ஓட்டை போடவேண்டும். கையை உறையில் வைத்துச் சூடாக்கும் சாதாரணப் பொட்டலம் அறுபது டிகிரியைத் தாண்டும், அது உடம்பில் பட்டால் புண்தான்.

இவ்வளவையும் சகலைக்குச் சொன்னேன். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர், முதலில் பல்லி இல்லாமல் வெறும் பெட்டியை ஒரு ராத்திரி கார் ஷெட்டில் வைத்துப் பார்த்தார். தெர்மாமீட்டர் 38 காட்டியது. பல்லிக்கு வெதுவெதுப்பு மூலையே 31, 32-க்கு மேல் கூடாது. பொட்டலத்தைத் துணியில் சுற்றி மூடியின் உள்பக்கம் ஒரு ஓரத்தில் ஒட்டி, இன்னும் இரண்டு ஓட்டை போட்டதும் அந்த ஓரம் 29-க்கு இறங்கியது, மறு ஓரம் 23. புராக்டர் அம்மா பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே இரை நிறுத்தம். வால் குண்டாக இருந்ததால் கவலை இல்லை.

வழியில் ஒரு ராத்திரி கம்லூப்ஸில் தங்கினார்கள். கார் வாசலில் உறைந்துகொண்டிருக்க, புள்ளி குளியலறையில். பிள்ளை ரெண்டு தரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். வான்கூவர் சேர்ந்து இரண்டு நாள் ஒளிந்தே கிடந்தது, மூன்றாம் நாள் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது. அந்த வீடியோவைத் தங்கமணிக்குக் காட்டினேன். "இங்க ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கறது எப்ப வெளியில வரும்?" என்று கேட்டாள்.