வில்லேஜ் குக்கிங் சேனல்

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தார் 2018 ஏப்ரலில் தொடங்கிய யூடியூப் சமையல் சேனல். 2021இல் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் யூடியூப் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது இதுவே. தமிழ்நாட்டுக் கிராமச் சமையலை மொழி தெரியாதவர்களிடமும் கொண்டுசேர்த்தது. ஒரு தேர்தல் காலத்தில் தேசியத் தலைவர் ஒருவரே தேடிவந்து அடுப்படியில் அமர்ந்தார். இந்த இரண்டு காரணங்களால், இணையவழிப் பொது ராஜதந்திரத்துக்கு அரசு சாராத எடுத்துக்காட்டாக இதைக் கொள்ளலாம்.

பின்னணி

ஒரு நாடு இன்னொரு நாட்டின் அரசோடு பேசுவது ராஜதந்திரம். அந்நாட்டு மக்களோடு பேசுவது பொது ராஜதந்திரம். இந்தப் பொருளில் இச்சொல்லை 1965இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் கல்லியன். பண்பாட்டின் ஈர்ப்பால் பிறரைத் தன் பக்கம் இழுக்கும் வலிமையை 1990இல் ஜோசப் நை ‘மென் அதிகாரம்’ என்றார். உணவையும் இதற்குப் பயன்படுத்த முடியும் என்று காட்டிய நாடுகளில் தாய்லாந்து முக்கியமானது. வெளிநாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்க அதன் அரசு 2002இல் தனித் திட்டமே வகுத்தது. இந்திய வெளியுறவு அமைச்சகம் 2006இல் பொது ராஜதந்திரப் பிரிவைத் தொடங்கி, 2010இல் ட்விட்டருக்கு வந்தது.

இவையெல்லாம் அரசுகள் பணம் ஒதுக்கிச் செய்தவை. அரசு சாராதவர்களுக்கு அந்த வழி திறந்தது பின்னர்தான்: 2016 செப்டம்பரில் ஜியோ மொபைல் சேவை வந்தபின் டேட்டாவின் விலை சரிந்தது. அதுவரை படம் பார்க்கவே தயங்கிய கிராமங்கள், படம் எடுத்து ஏற்றவும் தொடங்கின.

தோற்றம்

மழையையும் கண்மாய்களையும் நம்பிய புதுக்கோட்டை மாவட்ட விவசாயத்தில் ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. வேலையில்லாத மாதங்களில் வருமானத்துக்கு வழி தேடியே சுப்பிரமணியன் இந்தச் சேனலைத் தொடங்கினார். முருகேசன், அய்யனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம் ஆகியோர் உடன் நின்றனர். சமையலுக்குத் தலைமை அவர்களுடைய தாத்தா பெரியதம்பி. விசேஷ வீடுகளுக்குச் சமைத்துப் பழகியவர் என்பதால், பெரும் அளவில் சமைப்பது அவருக்குப் புதிதல்ல.

காட்சிமுறை

வயல்வெளியில் விறகடுப்பு, அண்டா, மசாலா அரைக்க அம்மி. ஒவ்வொரு பொருளும் அண்டாவில் விழும்போது அதன் பெயரை உரக்கச் சொல்வார்கள். நீண்ட விளக்கம் கிடையாது. வீடியோவின் தலைப்பு ஆங்கிலத்தில் இருக்கும், குரல் தமிழில் ஒலிக்கும். ஆங்கிலத் தலைப்பைத் தேடி வரும் வெளிநாட்டவர், தமிழ் தெரியாமலேயே சமையலைப் பின்தொடர முடிகிறது. சமைத்த உணவு முதியோர், ஆதரவற்றோர் இல்லங்களுக்குப் போகிறது. பந்தி பரிமாறுவதும் வீடியோவின் பகுதியாக இருப்பதால், சமையல் குறிப்போடு ஓர் ஊரின் விருந்தோம்பலும் பார்ப்பவரைச் சென்றடைகிறது.

2021: அரசியலும் அடுப்பும்

2021 ஏப்ரலில் நடக்கவிருந்த சட்டமன்றத் தேர்தலையொட்டி, ஜனவரியில் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான ராகுல் காந்தி தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்தார். அப்போது இந்தக் குழுவினரைச் சந்தித்தார். அவர்கள் காளான் பிரியாணி செய்தார்கள். அவர் வெங்காயமும் தயிரும் கல்லுப்பும் சேர்த்துத் தயிர்ப்பச்சடி கலந்தார், பொருள்களின் பெயர்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தார், பிறகு தரையில் அமர்ந்து இலையில் சாப்பிட்டார். கரூர் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோதிமணியும் உடனிருந்தார். வெளிநாடுகளிலும் சமைக்க ஆசை என்று குழுவினர் சொன்னபோது, அமெரிக்காவில் வாழும் தம் நண்பர் சாம் பிட்ரோடா மூலம் சிகாகோவில் ஏற்பாடு செய்வதாக அவர் கூறினார். மாத இறுதியில் வெளியான வீடியோ நாடெங்கும் செய்தியானது.

ஒரு மேடைப் பேச்சைக் கேட்க வராத லட்சக்கணக்கானோர், வழக்கமாகப் பார்க்கும் சமையல் வீடியோவில் ஓர் அரசியல் தலைவரைப் பார்த்தார்கள். கட்சி சேர்த்த கூட்டம் அல்ல இது. சமையல் சேர்த்து வைத்திருந்த கூட்டம்.

அதே ஆண்டு ஜூலையில் சந்தாதாரர்கள் 1 கோடியைக் கடந்தனர். குழுவினர் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினைச் சந்தித்து, கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கினர். 2022 ஜூனில் வெளியான ‘விக்ரம்’ படத்திலும் அவர்கள் தோன்றினர். பின்னர் சந்தாதாரர் எண்ணிக்கை 2 கோடியையும் தாண்டியது.

ஒப்பீடு

சீனக் கிராம வாழ்வையும் சமையலையும் படமாக்கிய லி ஸிச்சி, 2020இல் 1 கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரர்களோடு, சீனமொழி யூடியூப் சேனல்களில் முதலிடம் என்ற கின்னஸ் சாதனை படைத்தார். அதற்கு முன்பே, 2019 இறுதியில், சீன அரசு ஊடகங்கள் அவரைப் பண்பாட்டை உலகுக்கு எடுத்துச் சென்றவர் என்று பாராட்டின. சீனாவுக்குள் யூடியூப் தடை செய்யப்பட்டிருந்தும் அதில் கிடைத்த புகழை அரசு தனதாக்கிக்கொண்டது. சின்னவீரமங்கலத்துக்கு அப்படி ஓர் அரசு அரவணைப்பு இருந்ததில்லை. ஆனால் தேசியக் கட்சித் தலைவர் ஒருவரும் மாநில முதலமைச்சரும் ஒரே ஆண்டில் அந்தக் குழுவினரோடு படத்தில் நின்றார்கள்.

தரவும் வரம்பும்

எந்த நாட்டவர் பார்க்கிறார், எந்த நொடியில் விலகுகிறார் என்ற கணக்கைச் சேனல் நடத்துவோருக்கு யூடியூப் காட்டுகிறது. ஒரு தூதரகம் ஆய்வு நடத்தி அறிய வேண்டியதை ஒரு கிராமத்துக் குழு கைபேசியிலேயே பார்த்துவிட முடியும். அதேசமயம் எந்த வீடியோ யாருக்குப் பரிந்துரைக்கப்படும் என்பதை முடிவுசெய்வது யூடியூப் நிறுவனமே. 2012இல் பார்வை எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரத்துக்கு அது முன்னுரிமை அளித்தது. நிதானமாக நீளும் சமையலுக்கு அந்த விதி சாதகம். நாளை விதி மாறினால் வீச்சும் மாறக்கூடும்.

இப்படி இணையத்தில் இயங்கும் படைப்பாளர்களுக்காக இந்திய அரசு 2024 மார்ச்சில் முதன்முறையாகத் தேசியப் படைப்பாளர் விருதுகளை வழங்கியது. அவற்றில் பண்பாட்டுத் தூதருக்கென ஒரு பிரிவும் இருந்தது. இந்தச் சேனல் தொடங்கி அப்போது ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.