கரு வீசும் ஆடுகளும் பச்சைப் பாலும்: தோட்ட மக்கள் அறிய வேண்டியது

கேமரன் மலை - லெம்பா பெர்த்தாம் போன்ற இடங்களில் தோட்ட வேலையோடு நாலைந்து ஆடுகள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, சினை ஆடு நாளாகும் முன்பே குட்டியை வீசிவிட்டால் பல மாத உழைப்பு போச்சு. குளிர், மேட்டிலிருந்து விழுந்தது, கண்ணேறு என்று ஏதோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஓர் ஆட்டுக்கு அப்படியும் இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று வீசினால் கிருமியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதில் முக்கியமானது புருசெல்லா. ஆடு, மாடு, பன்றியின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருள் உண்டு. இந்தக் கிருமி அதை உண்டு பெருகும். நஞ்சுக்கொடி கெட்டுக் குட்டி இறக்கும். ஆடு பெரும்பாலும் சினையின் கடைசி இரண்டு மாதங்களில் வீசும். பன்றிகளில் ஆண் பன்றியே இணைசேரும்போது பரப்புவதால் எந்தக் கட்டத்திலும் கரு கலையலாம். பன்றிக்கு இன்னொரு எதிரி, எலிச் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா. 114 நாள் சினையின் கடைசி வாரங்களில் குட்டிகள் செத்துப் பிறக்கும். ஈர மண்ணில் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கரு வீசிய ஆடு பார்வைக்குத் தேறிவிடும். பாலில் மட்டும் கிருமி வந்துகொண்டிருக்கும். பினாங்கில் நடந்தது இதுதான். 2015-இல் வெளியான மருத்துவப் பதிவின்படி, ஒரே பண்ணையின் காய்ச்சாத ஆட்டுப் பாலைக் குடித்த 79 பேருக்கு ஓராண்டுக்குள் புருசெல்லோசிஸ் கண்டது. இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர் நால்வரும் தப்பவில்லை. நோயைக் கண்டுபிடிக்கவே சராசரியாக 53 நாள் ஆனது; ஒருவருக்கு 210 நாள். பெரும்பாலோர் ஆறு வாரம் இரண்டு மருந்துகள் சாப்பிட்டார்கள். அப்படியும் 21 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது.

வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம். நாய் இழுக்காதபடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். புதைக்கும் முன் கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் தந்தால் மாதிரி எடுத்துச் சோதிக்க முடியும். நோய் உறுதியானால் ஆட்டை அறுத்து அகற்றச் சொல்வார்கள் என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதே ஆட்டைச் சத்தமில்லாமல் விற்றால், வாங்கியவர் வீட்டுப் பிள்ளை அந்தப் பாலைக் குடிக்கும்.

பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி சாகும். வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி இருந்தால், ஆடு வளர்ப்பதையும் பச்சைப் பால் குடித்ததையும் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பினாங்கின் முதல் நோயாளிக்கு டெங்கி, மலேரியா சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. பால் விவரத்தை வைத்துத்தான் நோய் பிடிபட்டது.