கோப்பி இலை புகட்டும் பாடம்

நம் முன்னோர் இம்மலைநாட்டிற்கு முதன்முதல் வந்தது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காகவே. அந்தக் கோப்பி அழிந்த வரலாற்றிலே, விஞ்ஞான அறிவு எவ்வாறு வளர்கின்றது என்பதை நம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தக்க பாடமொன்று உண்டு.

1869ஆம் ஆண்டில், பதுளையை அடுத்த மடுல்சீமையிலே, சில கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபரான துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி, புரூம் என்னும் அறிஞர்கள், அது புதியதொரு பங்கசு எனக் கண்டு பெயரிட்டனர்.

பெயர் கிடைத்தது, காரணம் விளங்கவில்லை. பருவநிலை கெட்டது என்றனர் சிலர்; மண்ணின் சாரம் குன்றியது என்றனர் வேறு சிலர். ஒவ்வொன்றும் பொருத்தமாகவே தோன்றியது. ஆயினும் பொருந்துவதெல்லாம் மெய்யாகிவிடுமா?

1880இல் மார்ஷல் வாட் என்னும் இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்தார். தூளிலுள்ள வித்திகளை நல்ல இலைகளின்மேல் ஈரத்துடன் இட்டார். அவை முளைத்து இலையின் நுண்துளைகள் வழியே உட்புகுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். சில வாரங்களில், வித்தி இட்ட இடங்களிலேயே நோய்ப் புள்ளிகள் தோன்றின. பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்று சுமந்துவரும் வித்திகளையும் பிடித்தார். பங்கசே நோயின் காரணம் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

அவர் சொல்லும் முடிந்த முடிபு ஆகிவிடவில்லை. நோயைப் பரப்புவதில் காற்றினும் மழைத்துளிக்கே பங்கு மிகுதி என 1960களில் கிழக்கு ஆபிரிக்காவில் ஆராய்ந்தோர் வாதித்தனர். இரண்டிற்கும் பங்குண்டு எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. புதிய சான்று வரும்போது விளக்கம் திருத்தமுறுவது விஞ்ஞானத்தின் குறையன்று. அதுவே அதன் வலிமை.

வாட் உண்மையைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்தன. உழைத்தோர் பலருக்குச் சம்பளம் நிலுவையாயிற்று. காரணம் அறியாத காலத்தின் சுமை, ஏழையின் தோளிலேயே முதலில் விழுகின்றது.

ஆசிரியப் பெருமக்களே! 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய் தேயிலையிலே இன்றும் உண்டு. அத்தகைய இலையொன்றைப் பிள்ளையின் கையிற் கொடுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். “நீ கண்டது எது? நினைப்பது எது? நினைத்தது தவறாயின் அதை எவ்வாறு அறிவாய்?” என்று வினவுங்கள். இம்மூன்று வினாக்களையும் கேட்கப் பழகிய தோட்டத்துப் பிள்ளை, பிறர் சொல்லை ஆராயாது ஏற்கமாட்டான். தன் எண்ணத்தையும் ஆராயாது நம்பமாட்டான்.