மெலிவு மாத்திரையின் பெயர்

பினாங்கில் ஜெலுத்தோங்கை அடுத்துத் தெற்கே, குளுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கே 1994-இல் தோன்றிய தேசிய நச்சு மையம், பூச்சிமருந்து முதல் மாத்திரை வரை மக்கள் வினவும் ஐயங்களுக்கு விடை கூறி வருகிறது. உடலை மெலிவிக்கும் மாத்திரைக்கும் நச்சுக்கும் என்ன தொடர்பு என வியப்போர் அதன் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

முதல் உலகப் போரின்போது, பிரெஞ்சு வெடிமருந்துச் சாலைகளில் டைநைட்ரோபீனாலைக் கையாண்ட தொழிலாளர் மெலிந்தனர், சிலர் மாண்டனர். அப்பொருளே 1933-இல் அமெரிக்காவில் மெலிவு மருந்தாயிற்று! உண்டவருள் சிலர்க்குக் கண்புரை படர்ந்தது. பின்வந்த பென்புளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்தமையால் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அது ஒழிந்தபாடில்லை. 2002-இல் சிங்கப்பூரில் சீன மூலிகை மருந்தாக விற்ற 'சிலிம் 10' மாத்திரையில் அதன் திரிபு ஒன்று கரந்திருந்தது. கல்லீரல் கெட்டு ஒருவர் இறந்தார். ஒரு நடிகைக்கு, அவரை மணக்கவிருந்தவர் தம் கல்லீரலில் பாதியை ஈந்தார். 2010-இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ராமினும் மலேசியாவில் மெலிவுக் காப்பித் தூள்களில் அகப்பட்டதுண்டு.

அமெரிக்காவில் 1959-இல் இசைவு பெற்ற பென்டர்மின், பெயரொலி ஒத்தாலும், வேறு மருந்து. மருத்துவர் இன்றும் அதனைத் தருகின்றனர். பசியை அடக்கும், நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றவும் கூடும். ஆதலின் இதய நோயாளர்க்கு ஆகாது. பிறர்க்கும் சில வாரங்களுக்கே உரியது. மலேசியாவில் மருத்துவரே கிளினிக்கில் மாத்திரையை உறையிலிட்டுத் தருவது வழக்கம். அவ்வுறையில் மருந்தின் பெயர் இல்லையேல் கேட்டு எழுதி வாங்குதல் தகும். நச்சு மையத்தை அழைக்க நேரின், அப்பெயரைச் சொன்னால்தான் விடை விரைவில் கிட்டும்.