ஓட்டைக் கண்டார், உயிரைக் காணவில்லை!

மதுரையை அடுத்த கப்பலூரில் கப்பலுமில்லை, கடலுமில்லை. எனினும், கப்பலடியிலும் திமிங்கலத் தோலிலும் ஒட்டி வாழும் கொட்டலசின் வரலாறு அவ்வூர் இளைஞர்க்கும் பாடமாகும்.

மிதக்கும் மரத்தில் ஒட்டிய கொட்டலசிலிருந்து வாத்து பிறக்கிறதென இடைக்கால ஐரோப்பா நம்பிற்று! 1758இல் இலின்னேயசு அதனைச் சிப்பியினத்தோடு சேர்த்தார். குவியேயும் மெல்லுடலிகளோடு வைத்தார். மேதைகள்தாம், ஆனால் அவர்களை மயக்கியது ஓடு! 1830இல் ஜான் வான் தாம்சன் அதன் இளம்பருவத்தை ஆராய்ந்தார். அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவென்று காட்டினார். பின்னர் டார்வின் 1846 முதல் எட்டாண்டுகள் உழைத்து, வாழ்வனவற்றையும் கல்லாகிப்போனவற்றையும் வகைப்படுத்தினார். திமிங்கலக் கொட்டலசும் அவருடைய 1854ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றது.

நம் சென்னைக் கரையின் கொட்டலசுகளைப் பற்றி ஏ. டேனியல் எழுதிய ஆய்வைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1956இல் வெளியிட்டது.

கல்லான ஓடும் பேசும்! அதன் அடுக்குகளிலுள்ள ஆக்சிஜனை அளந்த அறிஞர்கள், ஏறத்தாழ 2,70,000 ஆண்டுகட்கு முன்னரே திமிங்கலங்கள் வலசை சென்றதை 2019இல் எடுத்துக்காட்டினர்.

மேதை மொழிந்தார் என்பது சான்றாகாது, தோழர்களே! ஓட்டைத் திறந்து உள்ளே பார்ப்பதே அறிவு!