பேனாக்கத்தியின் அலகு: எழுதுகோல் முதல் தோல் வரை

மடக்குக் கத்திக்குத் தமிழில் 'பேனாக்கத்தி' என்றொரு பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று இன்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரு பெரிய வரலாறு அந்தச் சொல்லுக்குள்ளிருந்து வெளிவரும். 'பேனா' என்பது போர்ச்சுக்கீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். இறகு என்பது அதன் மூலப்பொருள். வாத்தின் இறகைச் சீவி, அதன் நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதிய காலத்தில், இறகைச் சீவுவதற்கென்றே எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. கருவி மாறியது, பணி மாறியது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

திருக்குர்ஆனில் கத்தியைக் குறிக்கும் 'ஸிக்கீன்' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. யூசுஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில், விருந்துக்கு அழைக்கப்பட்ட பெண்களின் கைகளில் கொடுக்கப்பட்ட கத்தி அது. எழுதுகோலுக்கோ 68ஆம் அத்தியாயத்தின் பெயரே உரியதாக இருக்கிறது. இவ்விரண்டும் முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் பிரியாத தோழர்களாக இருந்தன. கத்தி இன்றிக் கலம் இல்லை. கலம் இன்றிக் கிதாபு இல்லை.

கலமும் கலம்தராஷும்

அரபு எழுத்துக்கலையின் கருவி நாணற் கலம். நாணல், இறகைவிடக் கடினமானது. ஆகவே அதனைச் சீவும் கத்தியும் வேறு உருவம் பெற்றது. உஸ்மானியர் காலத்துக் 'கலம்தராஷ்'களைப் பார்ப்பவர்களுக்கு அவற்றின் விசித்திரம் உடனே புலப்படும். பிடி நீண்டும் ஒடுங்கியும் இருக்கும். அலகு குறுகியதாக இருக்கும். விரல்களின் அழுத்தம் முழுவதும் அலகின் நுனிக்குச் செல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த அமைப்பு. குத்துவதற்கு அது பயன்படாது. சீவ வேண்டும், பிளக்க வேண்டும், ஒரே அழுத்தத்தில் நுனியைத் தறிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

கலம் சீவுதலை நம் முன்னோர்கள் நான்கு படிகளாக வகுத்தார்கள். நாணலைத் திறப்பது ஃபத்ஹ். பக்கங்களைச் செதுக்குவது நஹ்த். நுனியைப் பிளப்பது ஷக். நுனியைத் தறிப்பது கத். கடைசிப் படிக்காகத் தந்தத்திலோ எலும்பிலோ செய்த 'மிகத்தா' என்னும் சிறு தாங்கியின் மீது கலத்தை வைத்துத் தறித்தார்கள். தறிக்கும் சாய்வு மாறினால் எழுத்தின் தடிப்பும் மெலிவும் மாறும். ஹிஜ்ரி 413இல் (கி.பி. 1022) மறைந்த இப்னுல் பவ்வாப், எழுத்துக்கலை பற்றிய தம் கவிதையில் கலம் சீவுதலுக்கு இடம் அளித்தார். ஹிஜ்ரி 698இல் (கி.பி. 1298) மறைந்த யாகூத் அல்-முஸ்தஃஸிமி, கலத்தின் நுனியைச் சாய்வாகத் தறித்து எழுத்துக்குப் புதிய நளினம் தந்தவராகப் போற்றப்படுகிறார். ஹிஜ்ரி 821இல் (கி.பி. 1418) மறைந்த அல்-கல்கஷந்தி, தம் பெருநூலான 'ஸுப்ஹுல் அஃஷா'வில் எழுத்தருக்குரிய கருவிகளுள் ஒன்றாகக் கத்தியையும் விவரிக்கிறார். இன்று அரபு நாட்டுப் பள்ளிச் சிறுவன் பென்சில் சீவியை 'மிப்ராத்' என்கிறான். கலம் சீவும் கத்திக்கு உரிய பெயர் அது. தமிழில் பேனாக்கத்திக்கு நேர்ந்ததற்கு மறுதலையாக, அங்கே கத்தி போய்ப் பணி நின்றது.

தமிழகத்திலும் இதற்கு இணையான ஒன்று இருந்தது. ஓலையில் எழுதியவர்கள் வைத்திருந்த மடக்கெழுத்தாணியில், ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் கத்தியும் அமைந்து, இரண்டும் பிடிக்குள் மடங்குவது உண்டு. கத்தி ஓலையை வாரவும் நறுக்கவும் உதவியது. அரபுக் கலமும் ஐரோப்பிய இறகும் தமிழ் ஓலையும் வெவ்வேறு எழுதுமுறைகள். ஆயினும் மூன்றும் எழுதுகிறவன் கையில் ஒரு சிறு கத்தியைத் தந்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மடங்கிய அலகு

மடக்குக் கத்தி மிகப் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில், கிறிஸ்துவுக்கு முன் ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. ரோமர்களும் அத்தகைய கத்திகளைச் செய்தனர். அவற்றில் வில் கிடையாது. பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள உராய்வே அலகை நிறுத்தி வைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத் தொழிலாளர்கள் பிடியின் முதுகில் உருக்கு வில் ஒன்றைப் பொருத்தினார்கள். அலகு திறந்தபின் தானாக மடங்காமல் நிற்க அது உதவியது. வில்லின் இறுக்கத்தால் அலகை விரலால் இழுக்க இயலாமற் போகவே, நகத்தை வைத்துத் திறப்பதற்கு அலகில் ஒரு குழி வெட்டப்பட்டது. அலகின் உருவத்தில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இத்தகைய காரணம் ஒன்று இருக்கிறது.

ஒரே பிடிக்குள் இரண்டு மூன்று அலகுகள் வந்தபோது, ஒவ்வொன்றும் ஒரு பணியை ஏற்றது. நடுவில் கூர்முனை கொண்ட வேலலகு பொது வேலைகளுக்கு; சிறிய மெல்லலகு இறகு சீவுவதற்கு; நேரான விளிம்பும் வளைந்து இறங்கும் மழுங்கிய முனையும் கொண்ட ஆட்டுக்குளம்பு அலகு, ஆட்டின் குளம்பைச் சீர்செய்வதற்கு. இந்த மூன்றாவதைக் கடலோடிகளும் விரும்பினர். ஆடும் கப்பலில் கயிறு அறுக்கும்போது கை தவறினாலும் முனை உடலில் ஏறாது என்பதே காரணம்.

1820களிலிருந்து பர்மிங்ஹாம் ஆலைகள் உருக்கு முள்பேனாக்களை மலிவாகக் குவித்தன. இறகு விலகியது, சீவும் தேவையும் விலகியது. 1828இல் பிரான்சில் பெர்னார் லஸிமோன் பென்சில் சீவிக்குக் காப்புரிமை பெற்றார். எழுத்தரின் மேசையிலிருந்த கத்தி வேலையிழந்து, பையில் மட்டும் வாழத் தொடங்கியது. நம் பக்கத்தில் அதன் வாழ்வு சற்று நீண்டது. கல்லச்சு நூல்களுக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளுக்கும் காதிபுகளின் கை தேவைப்பட்டது. 1927இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'முஸல்மான்' உருது நாளிதழ், கணினி எழுத்துகள் வந்த பின்னரும் கையெழுத்திலேயே வெளிவந்து உலகின் கவனத்தைப் பெற்றது.

கூர்முனையும் அச்சமும்

கத்தியின் முனை பற்றிய அச்சம் புதிதன்று. 1669இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர், கூர்முனைக் கத்திகளைத் தடைசெய்து, மேசைக் கத்திகளின் முனையை மழுக்கச் செய்தார். நாம் உணவு மேசையில் காணும் வட்டமுனைக் கத்தி அந்தக் காலத்து வழிவந்ததே.

எதிர்த்திசையிலும் மாற்றம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் 1827இல் நடந்த ஒரு கைகலப்பில் ஜேம்ஸ் பூவி என்பவரின் கத்தி புகழ்பெற்றது. அதன் பின்னர், முதுகுப்பக்கத்தை முனையருகே குழிவாக வெட்டிக் கூர்மை ஏற்றிய அலகு அங்கே பரவிற்று. அச்சந்தைக்காக ஷெஃபீல்டும் அதனைச் செய்து அனுப்பியது. இந்தியாவில் உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் மடக்குக் கத்திகள் பெயர்பெற்றன. நவாபுகளின் நகரத்துக் கைத்தொழிலாக இருந்த அது, இந்தித் திரைப்படங்களின் வழியாகக் குண்டர்களின் அடையாளமாகப் பதிந்துவிட்டது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1962ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாகக் கருதின. ஆனால் வீட்டு, வேளாண்மை, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு அளித்தன. சட்டமும் இறுதியில் அளவோடு நோக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. நிய்யத்தைக் கொண்டு செயல்களை எடைபோடும் மரபில் வந்த நமக்கு இது வியப்பன்று.

இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு அலகு எழுந்தது. முதுகு மெல்லச் சரிந்து, முனை தாழ்ந்து நிற்கும் அலகு அது. வேட்டையாடியவர்கள் அதனை விரும்பியதன் காரணம், விலங்கை உரிக்கும்போது தூக்கிய கூர்முனை தோலையோ குடலையோ கிழித்துவிடும். தாழ்ந்த முனை கிழிக்காது. 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம், ஒரே கையால் திறப்பதற்காக அலகில் வட்டத் துளை இட்டது. துளைக்கு இடம் வேண்டி அலகின் முதுகு மேடிட்டது. அதன் இலைவடிவ அலகு அப்படிப் பிறந்ததே.

பாலாற்றங்கரையில்

தோலைக் கிழிக்காத முனை என்றதும் நம் பகுதியின் நினைவு வராமல் இராது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்தப் பட்டை, 2019இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தபோதும் தோலால் ஒன்றாகவே இருக்கிறது. நம் கல்வி நிலையங்கள் பலவற்றின் அடித்தளத்தில் தோல் இருக்கிறது. தோல் வணிகரான காகா முஹம்மது உமர் 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார் என்பது ஒரு சான்று.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட பாதித்தோல் சென்னை வழியாக லண்டன் சந்தைக்குச் சென்ற காலத்தில், தொழிற்கூடங்களின் முதன்மைக் கருவி இருகைப்பிடிக் கத்தி. சாய்வான மரத்தின் மீது சுண்ணாம்பிட்ட தோலை விரித்து, வளைந்த அலகால் உட்புறச் சதையை வழித்தெடுப்பார்கள். அதன் அலகுக்கு முனையே கிடையாது. நடுவில் மட்டும் விளிம்பு. செருப்புத் தொழிலாளியின் ராம்பியும் அவ்வாறே அகன்ற விளிம்பு கொண்டது. அதன் பணி சீவுதல், குத்துதல் அன்று. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரைகளை அடுத்து, 1973 முதல் பச்சைத்தோல் ஏற்றுமதி நின்றது. பாதித்தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முழுத்தோலும் காலணியும் பெருகின. சதை வழிக்கும் வேலையை இயந்திரம் ஏற்றபோது, அலகு உருளையின் மீது சுருளாகச் சுற்றிக்கொண்டது. காலணியின் மேற்பகுதியைக் கத்தியால் அறுத்த இடத்தில், உருவம் வார்த்த அச்சுகளும் அழுத்த எந்திரங்களும் வந்தன.

ஆனால் எந்த இயந்திரமும் திருத்த இயலாத ஒரு குறை உண்டு. அது உரிக்கும்போது விழும் கத்தி வெட்டு. பச்சைத்தோலில் மெல்லிய கீறலாகத் தெரிவது, பதனிட்டுச் சீவும்போது துளையாகிவிடும். ஒரு துளை விழுந்த ஆட்டுத்தோலிலிருந்து பெரிய துண்டு வெட்ட முடியாது. தோல் தரம் இறங்கும், விலை இறங்கும்.

அமானிதம்

இது வணிகரின் கவலை மட்டும் அன்று. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானித் தோல்கள் பல அரபு மத்ரஸாக்களின் ஆண்டு வருவாயில் ஒரு பங்காக இருந்து வந்தன. அண்மை ஆண்டுகளில் தோல் விலை பெரிதும் சரிந்து, அந்த வருவாய் தேய்ந்துவிட்டது. சந்தையின் சரிவு நம் கையில் இல்லை. ஆயினும் நன்றாக உரித்த தோலுக்கும் வெட்டுப்பட்ட தோலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நம் கையில்தான் இருக்கிறது. பெருநாளன்று வந்து குவியும் தோல்களைப் பிரித்து அடுக்கும் பணியில் நானும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். சமையற்கட்டுக் கூர்முனைக் கத்தியால் அவசரமாக உரித்த தோலை, உட்புறத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குர்பானியின் இறைச்சியையும் தோலையும் தர்மம் செய்யுமாறும், அறுப்பவருக்கு அதிலிருந்து கூலி கொடுக்கக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குப் பணித்தார்கள். தோல் ஓர் அமானிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. கூலியாகக் கொடுப்பது கூடாது என்று பேணும் நாம், கவனமின்மையால் அதைப் பாழாக்குவது தகுமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை நாம் அனைவரும் அறிவோம். உரிப்பதைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெற்றுள்ளது அது. ஓர் ஆட்டை உரித்துக்கொண்டிருந்த சிறுவனை விலகச் சொல்லி, நபி (ஸல்) அவர்கள் தோலுக்கும் சதைக்கும் இடையே தம் கரத்தை அக்குள் மறையும் அளவுக்குச் செலுத்தி, உரிக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார்கள். ஹதீஸை ஓதிக் கொடுக்கும்போது, அதன் பின்னர் உளூச் செய்யாமல் தொழுதார்கள் என்ற சட்டத்துக்காகவே இதனை எடுத்துரைக்கிறோம். ஆனால் தொழில் அறிந்தவர்கள் இன்றும் சொல்வது அதே முறையைத்தான்: முதற்கீறலைக் கத்தியால் இட்ட பின்னர், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் தள்ளி உரிக்க வேண்டும். கை செல்லாத இடத்துக்கு மட்டும், வயிறு வளைந்து முனை மழுங்கிய கத்தி.

எழுத்தரின் அலகு, கடலோடியின் அலகு, வேட்டைக்காரனின் அலகு என்று நாம் பார்த்து வந்தவை யாவும் ஒன்றையே உணர்த்துகின்றன. அலகின் உருவம், எதை வெட்ட வேண்டும் என்பதைப் போலவே எதை வெட்டக் கூடாது என்பதையும் பொறுத்து அமைந்தது. வரும் பெருநாளுக்கு முன்னர் ஒவ்வொரு மஹல்லாவிலும் அறுப்பதற்கு ஒரு கத்தியும் உரிப்பதற்கு வேறொரு கத்தியும் எடுத்து வைக்கப்படுமானால், கத்தியை எங்கே கீழே வைக்க வேண்டும் என்பதும் இளைஞர்களுக்குக் கற்றுத் தரப்படுமானால், ஏழை மாணவர்களுக்கு உரிய ஒரு பொருள் காக்கப்படும்.